சடையனுக்கு என்ன நோவு?

தலையாரி வந்துவிட்டுப் போய் நாலு நாள் ஆகிறது. ஆள் போய்விட்டான். அவன் கேட்ட கேள்வி மட்டும் சென்றாயன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

"உங்க மகன் செல்லமுத்து ஊட்டுக்கு வந்தானா?"

கேட்கிற கேள்வியா இது? செல்லமுத்து யுத்தத்துக்கு ரோடு போட அஸ்ஸாம் பக்கம் போனவன். காக்கிச் சட்டை மாட்டி ரயிலேற்றிக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. எட்டு மாதமாகக் கடுதாசி இல்லை. அவன் எங்கே என்று இவர்கள்தான் சர்க்காரைக் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு சர்க்கார் ஆள் மலையேறி வந்து இவர்களைக் கேட்கிறான். தானியக் குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். "வர்ற வெள்ளிக்கிழமை மறுக்கா வாரேன்" என்று கண்ணை உருட்டிவிட்டு இறங்கிப் போகிறான்.

செல்லமுத்துவின் மனைவி பெருமாயி அந்தக் கேள்வியை நாலு நாளாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொல்வது? மாமனார் சென்றாயன் பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர். கணவனின் அக்காள் பாவாயி எண்ணாமல் பேசுவாள்தான், ஆனால் அதில் முக்கால்வாசி ஏவல். பிறந்த வீடோ இதே மலையின் குண்டனி நாட்டில், ஒரு பகல் நடைக்கு அப்பால் இருக்கிறது. இந்த எடப்புளி நாட்டு மலைச்சரிவில், மூன்றே பேர் இருக்கிற வீட்டில், பெருமாயி மனசு விட்டுப் பேசியதெல்லாம் சடையனிடம்தான்.

சடையன் செல்லமுத்து வளர்த்த நாய். கழுத்து மயிர் கரடிக்கு இருப்பதுபோல் அடர்ந்து தொங்கும். அவன் போன பிறகு பெருமாயியின் காலடியே அதற்கு வீடு. அவள் களி கிண்டினால் அடுப்படியில் கிடக்கும், ஓடைக்குப் போனால் முன்னால் ஓடும். அவள் சொல்வதையெல்லாம் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும். பதில் சொல்லாத ஒரே குறைதான்.

அந்தச் சடையனும் பன்னிரண்டு நாளாக அவளிடம் சரியாக இல்லை.

பன்றியைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போனது, இரண்டு நாள் காணாமல் போய், கழுத்து மணியைத் தொலைத்துவிட்டு, உடம்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தது. அதிலிருந்து வீட்டுக்குள் வருவதில்லை. மாட்டுப் பட்டிக்குப் பின்னால் பலா மரத்தடியில் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. மூன்று நாளாகச் சோற்றையும் தொடவில்லை. 'நீயும் என்னை விட்டுட்டியா?' என்று பெருமாயிக்கு ஒரே மனத்தாங்கல். கோபித்துக்கொண்டவளாக அவளும் கிட்டப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பனி விலகியதும் சென்றாயன் சாமைக் காட்டைப் பார்த்துவிட்டு முகம் செத்துத் திரும்பினார். விளைந்து தலைசாய்ந்த கதிரில் ஒரு மூலையைப் பன்றிகள் உழுது போட்டிருந்தன.

"இன்னிக்கு இவனைக் காவலுக்கு விட்டுத்தான் ஆகோணும்" என்று புது மரமணியை எடுத்தார்.

அந்த ஊரில் காவல் நாய்க்கெல்லாம் கழுத்தில் மரமணி உண்டு. ஏழெட்டு வீட்டு நாய்கள் ஒன்றாகப் புதருக்குள் பாயும்போது மணி அறுந்து விழுந்தால், யார் வீட்டு மணி என்று தெரிவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு முடிச்சு. சென்றாயன் வீட்டு முடிச்சு பொல்லாதது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அவர் கட்டினால் முடிச்சின் வால் வலப்பக்கம் நிற்கும். செல்லமுத்து நொட்டாங்கைக்காரன், அவன் கட்டினால் இடப்பக்கம் நிற்கும். அவன் கடைசியாகக் கட்டிய முடிச்சைப் பழைய கயிற்றிலிருந்து அறுத்து, அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள் பெருமாயி. புகையில் கறுத்துப்போன அந்தத் துண்டுக் கயிற்றை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பாவாயி கண்டால் சிரிப்பாள் என்று ஒரு பயமும் உண்டு.

சென்றாயன் பலா மரத்தடிக்குப் போய்க் குனிந்தார். கயிற்றைச் சடையன் கழுத்தில் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தார்.

ஒரு ஓலம். அடுத்த நொடி அவருடைய மணிக்கட்டு நாயின் வாயில் இருந்தது.

பிறந்ததிலிருந்து இந்த வீட்டு ஆள் மேல் பல் படாத நாய். கடித்துவிட்டு அதுவே பயந்ததுபோல் பின்வாங்கி மரத்தோடு ஒண்டிக்கொண்டது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கியது.

சத்தம் கேட்டு ஓடி வந்த பாவாயி அந்த எச்சிலைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"வெறி புடிச்சிருச்சு" என்றாள். குரல் எழும்பவே இல்லை. பிறகுதான் கத்தினாள். "ஐயா, தள்ளி வாங்க! பெருமாயி, கிட்டப் போகாதே! வெறி!"

பாவாயியைக் குறை சொல்ல முடியாது. ஏழு வருஷத்துக்கு முன் அவள் புருஷனைத் தெருநாய் ஒன்று கடித்தது. புண் ஆறி, வடுவும் மறைந்து, நாற்பதாம் நாள் ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்த்து அந்த மனுஷன் அலறினான். மூன்றாம் நாள் போய்விட்டான். அந்த மூன்று நாளும் கூடவே உட்கார்ந்திருந்தவள் அவள். அதற்குப் பிறகுதான் அப்பன் வீட்டுக்கு வந்து எல்லாரையும் ஏவ ஆரம்பித்தாள்.

அப்பனின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாய்க்காலுக்கு இழுத்துப் போய், சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அடுக்கினாள்.

"மூணு நாளா சோறு திங்கல. வாயில கோழை வடியுது. கொரலு கம்மிப் போச்சு. ஊட்டுக்குள்ள வராம காட்டையே வெறிச்சுப் பாக்குது. இன்னும் என்ன வேணும்? நான் போயி சின்னுசாமியண்ணனைத் துப்பாக்கியோட கூட்டியாறேன். உச்சிப்பொழுதுக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் ஊட்டை விட்டு இறங்காதீங்க ரெண்டு பேரும்!"

சின்னுசாமியின் வீடு எதிர் மலையில். பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி மறைந்தாள்.

சென்றாயன் வாசலில் உட்கார்ந்து துணி சுற்றிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சடையனுக்கு வெறின்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"நான் நெனச்சு என்ன ஆவுது அம்மிணி? நாப்பது நாள்ல தானாத் தெரிஞ்சிரும்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! நாயைச் சுட்டுவிட்டால், அதற்கு என்ன நோவு என்பது அதோடு போய்விடும். அப்புறம் இந்த மனுஷர் நாற்பது நாளும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறியா, வேறு ஏதாவதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி பலா மரத்தடியில் இருக்கிறது. அதற்கு உச்சிப்பொழுது வரைக்கும்தான் ஆயுசு.

"நான் தூரத்துல இருந்தே பாக்குறேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஒரு சட்டியில் தண்ணீர் மொண்டு, நீளக் கழியால் அதைச் சடையன் முன் தள்ளிவிட்டு, பத்து முழம் தள்ளிக் குந்தினாள். நேருக்கு நேர் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பார்க்காதவள்போல் பார்த்தாள்.

சடையன் மெல்ல வந்தது. சட்டியில் நாக்கை நீட்டியது. இரண்டு நக்கு நக்கியதும் உடம்பெல்லாம் ஒரு வெட்டு வெட்டிப் பின்னால் போனது.

"பாத்தியா!" என்றார் வாசலிலிருந்து சென்றாயன். அவர் குரல் இப்போது அவ்வளவு சாதாரணமாக இல்லை. "தண்ணியக் கண்டு பயப்படுது."

சடையன் மறுபடியும் வந்தது. மறுபடியும் நக்கியது, மறுபடியும் வெட்டிப் பின்வாங்கியது. மூன்றாம் தடவையும் வந்தது.

தண்ணீரைக் கண்டு பயந்த உயிர் அதனிடமே இப்படித் திரும்பித் திரும்பி வருமா? இதற்குத் தண்ணீர் வேண்டும். தொண்டைதான் விடமாட்டேன் என்கிறது.

"சடையா" என்று இடப்பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

நாய் என்றால் தலையைத் திருப்பிப் பார்க்கும். சடையன் தலையைத் திருப்பவில்லை. நாலு காலையும் எடுத்து வைத்து, உடம்பு முழுவதையும் சுற்றிக்கொண்டு வந்து அவளைப் பார்த்தது. நிறைகுடத்தைத் தலையில் வைத்தவள் திரும்புவாளே, அப்படி.

அந்த நடை பெருமாயிக்குத் தெரியும். செல்லமுத்து ரயிலேறிய மூன்றாம் மாதம், வயிற்றில் இருந்தது தங்காமல் போனது. அதற்கப்புறம் பதினைந்து நாள் அவளும் இப்படித்தான் நடந்தாள். எங்கே அசைந்தால் எது கிழியுமோ என்று உடம்பையே ஒரு பானையாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள். என்ன நோவு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சடையன் மட்டும் அந்தப் பதினைந்து நாளும் அவள் பாயை விட்டு நகரவில்லை.

'அது கேட்டுச்சு. நான் கேக்கலியே' என்று நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பன்னிரண்டு நாள்! மனத்தாங்கலாம், கோபமாம்!

"மாமா, வெறியில்லீங்க. கழுத்துல எங்கியோ நோவு இருக்குது. நீங்க கயித்தை இழுத்ததும் அந்த நோவுலதான் கடிச்சிருக்குது."

"தெரிஞ்சு சொல்றயா, ஆசையில சொல்றயா?"

இரண்டும் கலந்துதான் இருந்தது.

சாக்கை மடித்து இடது கையில் சுற்றிக்கொண்டாள். பழந்துணியில் சுருக்குப் போட்டு, நாய் மூச்சு விட இடம் விட்டு, மூக்கைச் சுற்றித் தளர்வாக வாய்க்கட்டு போட்டாள். சடையன் உறுமியது, ஆனால் விட்டது. முதலில் நோவில்லாத இடத்தில் கை வைத்தாள். முதுகின் பின்பக்கம் தடவினாள், சும்மா இருந்தது. விலாவுக்கு வந்தாள், சும்மா இருந்தது. தோள்பட்டைக்கு வந்ததும் காது பின்னால் படிந்தது. கழுத்து மயிரை விரல் தொட்டதும் குழந்தைபோல் முனகியது.

பின்னால் நிழல் விழுந்தது. சென்றாயன் வந்து நின்றார். குந்தி, கடிபட்ட கையோடு சேர்த்து இரண்டு கையாலும் நாயின் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பாரு" என்றார்.

மயிரை விலக்கினாள். சீழ் நாற்றம் குப்பென்று அடித்தது. சேறும் ரத்தமும் காய்ந்து கட்டியாகிப்போன ஏதோ ஒன்று கழுத்தைச் சுற்றிச் சதைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. சுற்றிலும் வீங்கியிருந்தது. வீங்க வீங்க இறுக்கியிருக்கிறது. எச்சிலை விழுங்கக்கூட வழி இல்லாமல்தான் வெளியே வடிந்திருக்கிறது.

மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, சதையில் கத்தி படாமல் அடியில் கொடுத்து, மேலே அறுத்தாள். ஒவ்வொரு இழையாக விட்டது. கடைசி இழை விட்டதும் சடையன் பெருமூச்சு ஒன்று விட்டது. இத்தனை பெரிய மூச்சு இந்த நாய்க்குள் எங்கே இருந்தது என்று தோன்றியது. வாய்க்கட்டை உடனே உருவினாள். உப்புப் போட்ட வெந்நீரில் புண்ணைக் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து வைத்தாள். பன்றியின் கோரைப்பல் கிழித்த ஒரு காயம் நடுவில் இருந்தது. அது ஏறக்குறைய ஆறியிருந்தது. ஆறாததெல்லாம் அந்தக் கட்டு அறுத்த புண்தான்.

கட்டு? காட்டுக்குள் நாய்க்குக் கட்டுப் போட்டது யார்?

அறுத்தெடுத்ததை மீதி வெந்நீரில் அமிழ்த்தினாள். சேறு கரைந்தது. துணி. காக்கித் துணி.

பாரஸ்ட் கார்டு யாராவது இரக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். துணியை இன்னும் கொஞ்சம் கசக்கினாள். முடிச்சு தெரிந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அதன் வால் இடப்பக்கம் நின்றது.

அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறதே, அதுவேதான்.

பெருமாயி தலைநிமிர்ந்தாள். சென்றாயனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா! தள்ளுங்க! ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று பாதையிலிருந்து பாவாயியின் குரல் கேட்டது. பின்னால் சின்னுசாமி தோளில் துப்பாக்கியோடு மூச்சிரைக்க வந்தார்.

வந்தவர்கள் நின்றார்கள். சடையன் சட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. மடக் மடக்கென்று, மூக்கு நனைய நனைய, அடியைத் தொட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி குடிக்குது" என்றாள் பாவாயி. "ஐயா, தண்ணி குடிக்குதுங்க" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்து அழுகை அது. அதில் நாய்க்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

சின்னுசாமி துப்பாக்கியை இறக்கினார். "கழுத்துல என்ன இருந்துச்சு?"

பெருமாயி முந்தானைக்குள் ஒளித்த துணி ஈரமாகக் கையைச் சுட்டது. "கொடிங்க. காட்டுக்கொடி சுத்தி இறுக்கியிருந்துச்சு."

"ஆமா, கொடிதான்" என்றார், வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத சென்றாயன். "அறுத்து எறிஞ்சாச்சு."

பொழுது சாய்ந்தது. சின்னுசாமி எப்போதோ போய்விட்டார். பாவாயி அழுத களைப்பில் சுருண்டு படுத்துவிட்டாள். சரிவிலிருந்து பனி ஏறி வந்து சாமைக் காட்டை ஒவ்வொரு வரப்பாக மூடிக்கொண்டிருந்தது. பெருமாயி பலா மரத்தடியில் சடையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வந்திருக்கிறான். பன்னிரண்டு நாளுக்கு முன்னாலேயே இந்த மலையில்தான் இருந்திருக்கிறான். தலையாரியின் கேள்விக்கு இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடி வந்தவனைத்தான் தேடுகிறார்கள். வீட்டுப் பக்கம் வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று காட்டில் கிடக்கிறான். காயம்பட்டு வந்த தன் நாய்க்குச் சட்டையைக் கிழித்துக் கட்டியிருக்கிறான். கைக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டிருக்கிறான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதைப் போட்டிருப்பான்.

எல்லாம் புத்திக்குப் புரிந்தது. மனசுக்குப் புரியவில்லை. நாய்க்குக் கட்டுப் போட்ட கை, கட்டின மனைவிக்கு ஒரு கல்லையாவது கூரை மேல் விட்டெறியக் கூடாதா? ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தபோது அவன் இல்லாதது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. இப்போது இதோ இந்தக் காட்டில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்கூட இருக்கலாம், ஆனால் கூப்பிடக் கூடாது. இரண்டு வருஷத்தில் இன்றைக்குப்போல் அவள் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை. அழுதாள். சத்தமில்லாமல், யாரையும் எழுப்பாமல் அழுதாள்.

சென்றாயன் வந்தார். கையில் அவருடைய ஒரே கம்பளி. நாயின் அருகில் குந்தி, அதன் கழுத்துப் புண்ணைக் குனிந்து பார்த்தார்.

"அம்மிணி, இவன் காடேறி நடக்க எத்தன நாளாகும்?"

பெருமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கிடக்கிற இடம் இந்த உலகத்தில் ஒரே ஒரு உயிருக்குத்தான் தெரியும். அதுவோ மலையேறத் தெம்பில்லாமல் படுத்திருக்கிறது.

"புண்ணு ஆழமுங்க மாமா. எட்டு நாளாச்சும் ஆகுமுங்க."

"வெள்ளிக்கெழம மூணு நாள்ல வந்துருதே" என்றார் சென்றாயன். பிறகு கம்பளியை மடிப்புக் கலையாமல் சடையன் பக்கத்தில் வைத்தார்.

"இது நாய்க்குங்களா மாமா?"

"இப்பத்திக்கு நாய்க்கு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

பெருமாயி கம்பளியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனி பட்டியைத் தாண்டி மரத்தடிக்கு வந்துவிட்டது. அப்போது சடையன் காதைத் தூக்கியது. உடம்பை அசைக்காமல், பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகக் கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பி, காட்டோரத்துப் புதரைப் பார்த்தது.

வால் தரையில் இரண்டு தரம் தட்டியது.